விசைப்படகின் அடியில் ஒட்டி வரும் அந்நியச் சிப்பி: நாகைக் கரையில் சுரண்டுவதும் பூசுவதும்

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நாகை அக்கரைப்பேட்டையிலும் காரைக்காலிலும் பழையாற்றிலும் விசைப்படகுகள் கரையேறி, அடி சுரண்டி, சிப்பி ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட் அடித்து இறங்குவது இந்த நாட்களில்தான். டீசல் மிச்சமாகும், ஓட்டம் கூடும் என்பதற்காக எல்லோரும் செய்கிற வேலை இது. சுரண்டி விழுவது எங்கே போகிறது என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. சென்னைப் பக்கம் மாதக்கணக்கில் கட்டிக் கிடந்த படகு இங்கே வந்து, ஆற்றோரம் சாய்த்துச் சுரண்டப்பட்டால், அங்கே ஒட்டியதெல்லாம் இங்கே உயிரோடு இறங்கிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அதற்குப் பரிகாரம் கிடையாது.

கீழே உள்ள அளவுகள் 18 மீட்டர் நீள இரும்பு விசைப்படகுக்கானவை. நீர்மட்டக் கோட்டில் நீளம் 16 மீட்டர், அகலம் 5.2 மீட்டர், தண்ணீருக்குள் அமிழும் ஆழம் 1.8 மீட்டர்.

எந்தச் சிப்பி

கொட்டலசு (பார்னக்கிள்), பாசி, புழுக்குழாய் எல்லாம் இந்தக் கரையில் என்றும் இருப்பவை. கவலைப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. தென், நடு அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. கொச்சிக் காயலில் இது பரவியிருப்பதை 2019-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எண்ணூரில் ஆற்றின் அடித்தரையில் கம்பளம் மாதிரிப் படர்ந்து, மஞ்சள் மட்டியும் இறாலும் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மற்றொன்று மைட்டிலோப்சிஸ் சாலெய். இதுவும் அமெரிக்கக் கரையிலிருந்து வந்ததுதான். விசாகப்பட்டினம் துறைமுகத்தில் 1967-இலேயே பதிவானது. ஒரு மாதம் சொச்சத்தில் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும்.

அடையாளம் காண நகவெட்டிக் கத்தி போதும். பிளந்து, கூர்முனையின் உட்பக்கத்தைப் பாருங்கள். அங்கே தட்டு வைத்தது போல் ஒரு சின்னத் தகடு குறுக்கே இருந்தால் மைட்டிலோப்சிஸ். நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் நிற்கும். தகடு இல்லாமல், வெளியே கறுப்பும் பழுப்பும், உள்ளே ஊதாவும் என்றால் காக்கா ஆழியாக இருக்கலாம். ஓரத்தில் பச்சை ஓடினால் நம் ஊர்ப் பச்சைச் சிப்பி. சந்தேகம் வந்தால் ஐந்தாறு சிப்பிகளை அளவுகோலுடன் படம் எடுத்து, சாராயத்தில் போட்டு, படகு கடைசியாக நின்ற துறையையும் தேதியையும் சீட்டில் எழுதி உள்ளேயே போடுங்கள். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நாகையிலேயே இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டத் தூரம் இல்லை.

இவை இரண்டும் உப்பு ஏற்ற இறக்கத்தைத் தாங்குபவை. ஐப்பசி மழையில் ஆற்றுத் தண்ணீர் இனிப்பானதும் படகை ஆற்றின் உட்பகுதிக்கு ஏற்றிக் கட்டினால் சிப்பி செத்துவிடும் என்ற நம்பிக்கை கரையில் உண்டு. நல்ல உப்பில் மட்டுமே வாழ்கிற உயிர்களுக்கு அது ஓரளவு பொருந்தும். காக்கா ஆழிக்கும் மைட்டிலோப்சிசுக்கும் பொருந்தாது. ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும், உப்பு திரும்பியதும் திறக்கும். படகை ஆற்றின் உட்பகுதிக்குக் கொண்டுபோவதால் நடப்பது ஒன்றே: இறால் குட்டைகளுக்குத் தண்ணீர் இழுக்கும் பம்புகளின் பக்கத்திலேயே சிப்பியைக் கொண்டுபோய் விடுகிறோம்.

வந்த பிறகு ஒழிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் சான்று. 1999-இல் அங்கே படகுத்துறைகளில் மைட்டிலோப்சிஸ் தென்பட்டதும் மூன்று துறைகளை மூடி, குளோரினும் தாமிர சல்பேட்டும் கொட்டி அழித்தார்கள். மதகு வைத்து அடைக்கக்கூடிய துறைகள் என்பதால் அது நடந்தது. கடுவையாற்றையோ அரசலாற்றையோ அப்படி அடைக்க வழியில்லை.

வரிசை மாறினால் பெயின்ட் வீண்

தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே சுரண்டி, பூசி, உடனே தண்ணீரில் இறக்குவது வழக்கம். ஸ்லிப்வேயில் (படகைக் கரையேற்றும் சரிவில்) அடுத்த படகு காத்திருப்பதால் வரும் அவசரம் அது. ஆனால் தானாகத் தேய்ந்து புதுப்பரப்பு காட்டும் வகைப் பெயின்ட்டுக்குப் படகு ஓட வேண்டும். இறக்கிய படகு 50 நாள் ஆற்றில் அசையாமல் நின்றால், வெதுவெதுப்பான கலங்கல் தண்ணீரில் பெயின்ட்டின் மேல் வழவழப்பு படிந்து, அதன் மேல் சிப்பிக் குஞ்சுகள் ஒட்ட ஆரம்பித்துவிடும். முதல் தொழில் நாளன்றே அடியில் பயிர் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம்.

சுரண்டுவது கரையேறிய அன்று, கடைசிப் பூச்சு ஜூன் முதல் வாரத்தில், இறக்குவது அதற்கடுத்த சில நாளில் என்பதே சரியான வரிசை. முன்கூட்டியே இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், நின்றுகொண்டிருக்கும் படகுக்கென்று உள்ள, தாமிரம் கூடுதலான வகையைக் கேட்டு வாங்குங்கள். பூசி முடித்தபின் எத்தனை நாள் வெயிலில் காயலாம் என்பதற்கும் ஒவ்வொரு பெயின்ட்டுக்கும் வரம்பு உண்டு. டப்பாவோடு வரும் தகவல் தாளில் அது இருக்கும். தாள் தராத கடையில் வாங்க வேண்டாம்.

கரையேறிய அன்றே

படகு ஏறுவதற்கு முன்பே தரையைத் தயார் செய்ய வேண்டும். ஏரா (படகின் அடிமுதுகு) நிற்கும் கட்டைகளுக்கு இருபுறமும், படகின் அகலத்தைவிடப் பக்கத்துக்கு இரண்டு மீட்டர் கூடுதலாகக் கனமான தார்ப்பாய் விரியுங்கள். தாழ்ந்த பக்கத்தில் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் குழி வெட்டி, ஓட்டையில்லாத பிளாஸ்டிக் தாள் போட்டால் 3,000 லிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளும் பிரஷர் வாஷரை மூன்று மணி நேரம் ஓட்டினால் 2,700 லிட்டர் வரும். குழியின் அளவு அந்தக் கணக்கில் வந்தது. தார்ப்பாயிலிருந்து குழிக்கு வரும் வழியில் கோணிச்சாக்கைக் குறுக்கே கட்டினால் ஓடும் சிப்பியும் அங்கேயே நிற்கும். குழியின் விளிம்பு பௌர்ணமி, அமாவாசை ஓதத்தின் உயர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் எல்லாம் ஆற்றுக்குப் போய்விடும்.

சுரண்டும் முன் படம் எடுங்கள். முன்முனை, இரு பக்கம், ஏரா, சுக்கான், புரொப்பல்லர், தண்ணீர் இழுக்கும் ஜாலி என்று இடம் பிரித்து எடுக்க வேண்டும். சர்வதேச கடல்சார் அமைப்பு கப்பல்களுக்காக 2011-இல் வெளியிட்டு 2023-இல் திருத்திய வழிகாட்டுதலில் 0 முதல் 4 வரை ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. சுத்தமானால் 0. வழவழப்பு மட்டும் என்றால் 1. கண்ணுக்குத் தெரியும் உயிர்கள் பரப்பில் 15 சதவீதம் வரை மூடியிருந்தால் 2, 16 முதல் 40 வரை 3, அதற்கு மேல் 4. பெரிய கப்பல்களுக்கென்று எழுதியதுதான். ஆனால் விசைப்படகுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி மதிப்பெண் போட்டால் ஒன்று பளிச்சென்று தெரியும்: பக்கங்கள் 1-இல் இருக்கும், ஜாலியும் சுக்கான் இடுக்கும் 4-இல் இருக்கும். காக்கா ஆழி பயணம் செய்வது அந்த இடுக்குகளில்தான்.

சுரண்டலை அன்றைக்கே தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஈரத்தில் கொட்டலசின் அடித்தட்டு எளிதாகப் பெயரும். இரண்டு நாள் வெயில் பட்டால் பசை கல்லாகி, உளியால் தட்ட வேண்டி வரும், கீழே உள்ள பிரைமரும் கையோடு வந்துவிடும். முதலில் அகலமான பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டி, பிறகுதான் இரும்பு. அதன்பின் வாஷர். தலைகீழாகச் செய்து முதலிலேயே தண்ணீரைப் பீய்ச்சினால் உயிருள்ள சிப்பி பத்து மீட்டர் தள்ளிப் போய் விழும்.

வாஷர் தண்ணீர் பற்றி ஒரு எச்சரிக்கை. கடலோரக் கிராமங்களின் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவி மேலே பெயின்ட் அடித்தால், தங்கிய உப்பு படலத்தின் வழியே ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். கடைசி அலசலுக்கு 500-க்குக் கீழே காட்டும் தண்ணீர் வேண்டும், லாரித் தண்ணீர் வாங்கியாவது. குழியில் தெளிந்த தண்ணீரை அடுத்த படகின் முதல் கழுவலுக்குப் பயன்படுத்தலாம். ஆற்றில் திறக்கக் கூடாது.

சேரும் கழிவை அன்றன்றே சாக்கில் அள்ளி, வெயில் படும் மேட்டுத் தரையில் தார்ப்பாய் மேல் மெலிதாகப் பரப்பிக் காயவிடுங்கள். குவியலாக விட்டால் நடுவில் ஈரம் நின்று சிப்பி பல நாள் உயிரோடு இருக்கும். ஓடு பிளந்து, உள்ளே சதை சுருங்கிக் கருவாடாகியிருக்க வேண்டும். காய்ந்த பிறகும் அது வெறும் சிப்பி ஓடு ஆகாது. பழைய பெயின்ட் துகள் கலந்தது, தாமிரம் ஏறியது. சுண்ணாம்புக் காளவாய்க்கோ கோழித் தீவனத்துக்கோ கொடுக்காதீர்கள். இறால் குட்டைக் கரையில் கொட்டுவது அதைவிடக் கேடு, தாமிரம் இறால் குஞ்சைக் கொல்லும். பழைய அடுக்குகளில் டிரைபியூட்டைல் டின் என்ற நச்சும் இருக்கக் கூடும். அதைத் தடை செய்யும் சர்வதேச உடன்படிக்கை 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே கிரைண்டர் ஓட்டுகிறவர் வாயில் துண்டு கட்டினால் போதாது, தூசி வடிகட்டும் முகக்கவசம் போட வேண்டும். மூட்டைகளை அபாயக் கழிவாகத் தனியே வைத்து, அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். துறையில் உள்ள எல்லாப் படகுக்கும் சேர்த்து ஒரே வண்டி வரவழைத்தால் செலவு பங்காகிவிடும்.

தண்ணீர்ப் பெட்டியும் குழாயும்

அதிகம் விட்டுப்போவது இங்கேதான். இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் வரும் பெட்டி, அதன் ஜாலி, வால்வு, வடிகட்டி, அங்கிருந்து போகும் குழாய். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்த படகு, பெட்டிக்குள் ஒரு குடும்பத்தையே சுமந்து போகும். நிழலும் ஓடும் தண்ணீரும் சிப்பிக்கு வேறெங்கும் இவ்வளவு தோதாக அமையாது. கரையில் நிற்கும்போதும் குழாய் வளைவில் தேங்கும் ஈரமே அதற்கு வாரக்கணக்கில் போதும்.

பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சிப்பி குளோரினை உணர்ந்த உடனே ஓட்டை மூடும். நாட்கணக்கில் மூடியபடியே இருக்கும். அந்த ஒரு மணி நேரம் அதற்கு ஒன்றுமேயில்லை. சூடு அப்படியில்லை, மூடிய ஓட்டுக்குள்ளும் போகும். எனவே வெந்நீர்தான் நம்பகமான வழி.

முதலில் ஜாலியைக் கழற்றி, கைக்கு எட்டும் வரை பெட்டியைச் சுரண்டுங்கள். உதாரணக் கணக்கு: பெட்டி 40 × 30 × 30 சென்டிமீட்டர் என்றால் 36 லிட்டர். 75 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் 6 மீட்டருக்கு ஏறக்குறைய 26 லிட்டர். மொத்தம் 62. ஒரு 200 லிட்டர் இரும்புப் பீப்பாயில் முக்கால் பங்கு நல்ல தண்ணீரை 80 டிகிரிக்குக் காய்ச்சுங்கள். பெட்டியின் வாயை ரப்பர் வைத்த பலகையால் அடைத்து, பலகையில் பொருத்திய குழல் வழியாக வெந்நீரை ஏற்றி, இன்ஜின் பக்கத்து முனையிலிருந்து பீப்பாய்க்கே திருப்பி விடுங்கள். வெந்நீர் தாங்கும் சின்ன பம்ப் போதும். இரும்பு சூட்டை உறிஞ்சும் என்பதால் பீப்பாயில் அளக்கும் சூட்டை நம்பக் கூடாது. திரும்பி வரும் முனையில் தெர்மாமீட்டர் வைத்து, அங்கே 60 டிகிரி வந்த பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு மணி நேரம். இடையில் இறங்கினால் விறகைத் தள்ளி மறுபடி சூடேற்ற வேண்டும்.

பம்பின் ரப்பர் இம்பெல்லரை முன்பே கழற்றிவிடுங்கள். பிவிசி குழாய் இருந்தால் இந்தச் சூட்டில் இளகி இணைப்பு விடும். அந்தத் துண்டைக் கழற்றித் தனியாக, குச்சித் துடைப்பான் விட்டுச் சுத்தம் செய்யலாம். வெந்நீர் முடிந்ததும் செத்த சிப்பி தானாக வெளியே வராது. நார் விட்ட பிடிமானத்தில் தொங்கிக்கொண்டிருந்து, இறக்கிய பத்தாம் நாள் மொத்தமாகக் கழன்று வடிகட்டியை அடைக்கும், நடுக்கடலில் இன்ஜின் சூடேறும். வளைவுகளைக் கழற்றிக் கம்பித் துடைப்பானால் இழுத்து, தண்ணீர் விட்டு அலசுங்கள். முதல் சில நாள் வடிகட்டியைத் தினமும் திறந்து பார்க்க வேண்டும்.

ஜாலியின் உட்புறத்துக்கும் பெட்டியின் சுவருக்கும் பிரைமர், பெயின்ட் முழு அளவில் போட வேண்டும். பிரஷ் நுழையாத மூலைக்கு வளைந்த கைப்பிடி ரோலர் கிடைக்கிறது. ஜாலியைக் கீல் வைத்துத் திறக்கும்படி மாற்றினால் அடுத்த வருடம் பாதி நேரம் மிச்சம்.

பெயின்ட்

பரப்பு: நீர்மட்ட நீளத்தை, அகலமும் ஆழமும் கூட்டிய தொகையால் பெருக்க வேண்டும். 16 × (5.2 + 1.8) = 112 சதுர மீட்டர். வயிறு பருத்த தொழில் படகுக்கு இந்தச் சூத்திரம் போதும்.

பெயின்ட்டில் திடப்பொருள் 50 சதவீதம், காய்ந்த படலம் 100 மைக்ரான் வேண்டும் என்றால் லிட்டருக்கு 5 சதுர மீட்டர். ரோலர், தட்டில் போகும் சேதாரம் 15 சதவீதம் கழித்தால் 4.25. ஒரு பூச்சுக்கு 26.4 லிட்டர், இரண்டு பூச்சுக்கு 53. முன்முனை, நீர்மட்டக் கோடு, சுக்கான், ஏரா ஓரம் ஆகிய இடங்களில் தேய்மானம் அதிகம் என்பதால் மூன்றாவது பூச்சு தேவை. 20 லிட்டர் டப்பா மூன்று வாங்கினால் சரியாக இருக்கும். இரண்டு டப்பாவை தின்னர் விட்டு நீட்டி மூன்றுக்குச் சமமாக்குவது கரையில் சாதாரணமாக நடக்கிறது. ஈரப்படலத்தைச் சீப்பு அளவியால் அளந்தால் ஏமாற்றம் உடனே தெரியும்: 200 மைக்ரான் காட்ட வேண்டும், 5 சதவீதம் தின்னர் கலந்திருந்தால் 210. மெலிந்த படலம் பருவம் முடியும் முன்பே கரைந்து தீர்ந்துவிடும்.

அடியில் எபாக்சி பிரைமர் குறைந்தது 250 மைக்ரான். இது துருவுக்கு மட்டுமல்ல. தாமிரப் பெயின்ட் வெற்று இரும்பைத் தொட்டால் அந்த இடம் மின்வேதி அரிப்பில் குழியாகும். அலுமினியத்தில் தாமிர ஆக்சைடு பெயின்ட் கூடவே கூடாது. எபாக்சி கடினமாகிவிட்டால் மேல்பூச்சு பிடிக்காது, விரல் வைத்தால் லேசாக ஒட்டும் பருவத்தில் அடுத்தது போக வேண்டும். சித்திரை வெயிலில் அந்தப் பருவம் தாளில் போட்டிருப்பதைவிடச் சீக்கிரம் கடந்துவிடும். தவறினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் அடிக்க வேண்டும்.

நேரம் பார்ப்பது முக்கியம். இரும்பின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் சூட்டைவிட) 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். விடியற்காலையில் தகடு வியர்த்திருக்கும், எட்டு மணிக்கு முன் தொடாதீர்கள். பதினோரு மணிக்கு மேல் அக்னி நட்சத்திர வெயிலில் தகடு கொதித்து, மேல்தோல் மட்டும் காய்ந்து கரைப்பான் உள்ளே சிக்கும். மாலைக் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கும். ஆக, காலை எட்டு முதல் பத்தரை வரை. இரவு தாண்டிய ஒவ்வொரு பூச்சுக்கு முன்பும் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும்.

ஏராவைத் தாங்கும் கட்டைக்குக் கீழே பெயின்ட் போகாது. கட்டைகளின் இடத்தை முன்முனையிலிருந்து அளந்து எழுதி வைத்து, பாதி வேலையில் ஜாக்கி கொடுத்துக் கட்டையை நகர்த்துங்கள். முடியாத கரையில், அடுத்த வருடம் கட்டையை வேறு இடத்தில் வையுங்கள். இரும்பு அரிக்காமல் இருக்கத் தான் கரைந்து காக்கும் துத்தநாகத் தகடுகளின் (ஆனோடுகளின்) மேல் பெயின்ட் படக் கூடாது. பருவத்தில் பாதி நாள் உவர்ப்பு குறைந்த ஆற்றில் நிற்கும் படகுக்கு அலுமினிய ஆனோடு நன்றாக வேலை செய்யும், துத்தநாகம் அங்கே மேல்படலம் கட்டி மந்தமாகும். புரொப்பல்லர் வெண்கலம்தானே, தாமிரம் இருக்கிறதே என்று விடாதீர்கள். ஆனோடு அதைக் காப்பாற்றும்போதே தாமிரம் கசிவதும் நின்றுவிடுகிறது, கொட்டலசு தாராளமாக ஒட்டும். மெருகேற்றி வழவழப்பாக்குவதும், இடையிடையே துடைப்பதும்தான் வழி.

மரப்படகில் முந்திரித்தோட்டு எண்ணெயும் குங்கிலியமும் மரத்தைக் காக்கும், சிப்பி ஒட்டுவதைத் தடுக்காது. தினமும் மணலில் ஏறும் ஃபைபர் படகுக்கு இதெல்லாம் தேவையில்லை. வெயிலே பார்த்துக்கொள்கிறது. ஆற்றிலேயே கட்டும் ஃபைபர் படகு என்றால் மேலே சொன்னதெல்லாம் அதற்கும் உண்டு.

இறக்கிய பிறகு

மாதம் ஒரு முறை, தண்ணீர் தெளிந்த நாளில், கம்பில் கட்டிய கேமராவை விட்டு ஜாலி, சுக்கான், புரொப்பல்லர் மூன்றையும் பாருங்கள். வழவழப்பு மட்டும் இருந்தால் மெத்தென்ற பஞ்சால் துடைக்கலாம். ஓடு தெரிந்தால் ஆற்றில் வைத்துச் சுரண்டக் கூடாது. அசைத்த அதிர்ச்சியிலேயே சிப்பி முட்டையைக் கொட்டும், பெயரும் சிப்பி அடுத்த தூணில் ஒட்டும். வேறு துறையில் ஒரு மாதத்துக்கு மேல் நின்ற படகு என்றால், அங்கிருந்து கிளம்பும் முன் அங்கேயே கரையேற்றிப் பாருங்கள். இங்கே வந்த பிறகு பார்ப்பது தாமதம்.

துறைக்கும் ஒரு காவல் வைக்கலாம். 15 சென்டிமீட்டர் சதுரத்தில் பிவிசி தகடு நான்கு வெட்டி, ஒரு பக்கம் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, கயிற்றில் கோத்து, கீழே செங்கல் கட்டி, படகுத்துறைத் தூணிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுங்கள். மிதக்கும் துறையில் கட்டினால் ஓதம் இறங்கும்போதும் தகடு தண்ணீருக்குள்ளேயே இருக்கும். மாதம் ஒன்றாக எடுத்து, படம் பிடித்து, ஒட்டியிருக்கும் சிறு சிப்பிகளில் சிலவற்றைப் பிளந்து கூர்முனையைப் பாருங்கள். எடுத்த தகட்டை வெயிலில் காய்த்துச் சுரண்டிய பிறகே மறுபடி கட்ட வேண்டும். மழை முடிந்து தை மாதம் உப்பு ஏறும்போது எடுக்கும் தகட்டைத் தவறவிடாதீர்கள். மழைக்காலத்தைத் தாங்கி நின்றவை வளர ஆரம்பிப்பது அப்போதுதான்.